ஃப்ரீஸரில் போன ஊசி

டொராண்டோவிலிருந்து திருச்சிக்கு வந்து இறங்கிய இரவே, பெருங்குடல் அழற்சிக்கு நான் போட்டுக்கொள்ளும் அடாலிமுமாப் ஊசிகளைச் சித்தி அக்கறையாக எடுத்து ஃப்ரீஸரில் வைத்துவிட்டார். "ஐஸ் பையில்தானே கொண்டுவந்தாய்?" என்பது அவர் நியாயம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து, உறைந்துவிட்டால் குப்பைக்குத்தான். இரண்டு வாரத்துக்கு ஒன்று போடாவிட்டால் என் பெருங்குடல் சும்மா இருக்காது.

மறுநாள் தில்லைநகரில் ஒரு குடல்நோய் நிபுணரிடம் போனேன். டோக்கன் 14, ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டார். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்கு நான் காத்திருந்தது ஐந்து மாதம்! மருந்தும் சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் அடுத்த நாளே வந்தது. இந்தியத் தயாரிப்புதான். இதன் பயோசிமிலரை, அதாவது மூல மருந்தை ஒத்த வேறு நிறுவனத் தயாரிப்பை, உலகிலேயே முதலில், 2014இல், விற்பனைக்குக் கொண்டுவந்ததும் ஓர் அகமதாபாத் நிறுவனமே. காசநோய்ப் பரிசோதனையை மட்டும் மறுபடி செய்யச் சொன்னார். கனடா அறிக்கையை நீட்டியும் மசியவில்லை. எரிச்சலாக இருந்தது; ஆனால் உள்ளே உறங்கும் காசநோயை இந்த மருந்து எழுப்பிவிடக்கூடும். போதாததற்குக் குடல் காசநோயும், க்ரோன் நோய் என்ற இன்னொரு குடல் அழற்சி நோயும், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஸ்கோப்பில் அண்ணன் தம்பிபோலத் தெரியும். இங்குள்ள மருத்துவரின் சந்தேகம் நியாயமானதுதான்.

மன்னிக்க முடியாத குறை ஒன்று உண்டு. கூடம் நிறையக் குடல் நோயாளிகள். கழிப்பறை ஒன்றே ஒன்று, அதற்கும் தாழ்ப்பாள் இல்லை.

பக்கத்தில் பெரம்பலூர்ப் பையன் ஒருவன், வயது இருபத்திரண்டு இருக்கும். மலத்தில் ரத்தம் போனதற்கு ஒன்றரை வருடம் மூலத்துக்கு மருந்து சாப்பிட்டிருக்கிறான். பஸ் நிலையச் சுவரெல்லாம் 'மூலம், பௌத்திரம்' என்று எழுதியிருக்கும்போது வேறென்ன தோன்றும்? அவனுக்கு இருப்பது எனக்குள்ள அதே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலைப் புண்ணாக்கும் அழற்சி. இதை வெள்ளைக்காரர் வியாதி என்று சொல்லித்தான் நானும் கேட்டிருக்கிறேன். உலகில் 1990இல் சுமார் 37 லட்சமாக இருந்த, இதுவும் க்ரோனும் சேர்ந்த குடல் அழற்சி நோயாளிகள் 2017இல் 68 லட்சம். ஒன்டாரியோவில் தெற்காசியக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கும் அந்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சமமாகவே இது வருகிறது. ரத்தத்தில் மட்டும் இல்லை, வாழும் இடத்திலும் ஏதோ இருக்கிறது.

என் வரலாறு முழுவதும் ஆஸ்பத்திரிக் கணினியில் இருக்கிறது. அவனுடையது மடியில், ஜவுளிக்கடைப் பைக்குள். ஒரு தாள் தொலைந்தால் ஒரு வருடம் தொலைந்த மாதிரி. "அண்ணா, இது முழுவதும் குணமாகிவிடுமா?" என்றான்.

"பதினோரு வருடமாக எனக்கு இருக்கிறது. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், விமானம் ஏறி வந்திருக்கிறேன்" என்றேன்.

"மாத்திரையை நிறுத்தினீர்களா?"

"ஒருமுறை. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் படுத்தேன்."

அவன் பையை இறுக்கிக்கொண்டான். 15ஆம் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.