பச்சை விளக்கு எரிந்தும் நிறையாத பேட்டரி: மோட்டார்ஹோமில் ஐந்து வருடம்

2020 கடைசியில் பிரிட்டனில் எங்கள் மோட்டார்ஹோமை, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியை, செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். 2017இல் பதிவான யூரோ 6 (ஐரோப்பிய புகை விதி) டீசல். விற்றவரிடம் வீட்டு பேட்டரியைப் பற்றிக் கேட்டேன். இங்கே அதை லெஷர் பேட்டரி என்பார்கள். உள்ளே விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் எல்லாம் அதில்தான் ஓடும். ஓட்டினாலே அது தானாக நிறைந்துவிடும் என்றார். சுவரில் இருந்த பேனலில் பச்சை விளக்கு ஒன்றையும் காட்டினார். இன்ஜின் ஓடினால் அது எரியும். நானும் நம்பினேன்.

2021 மே மாதம் ஸ்காட்லாந்து போனோம். இன்வர்னஸிலிருந்து உல்லாபூல் வழியாக டர்னஸ் வரை மூன்றரை மணி நேர ஓட்டம். வழியெல்லாம் பச்சை விளக்கு எரிந்தது. அன்று இரவு 2 மணிக்கு ஹீட்டர் நின்றுவிட்டது. டீசல் ஹீட்டருக்கு எரிபொருள் டீசல்தான், ஆனால் பற்றவைக்கவும் காற்றாடி சுழலவும் கரண்ட் வேண்டும்; வோல்ட் இறங்கினால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் ஒரு ஷண்ட் மாட்டினேன். எத்தனை ஆம்பியர் உள்ளே போகிறது, எத்தனை வெளியே போகிறது என்று போனில் காட்டும். இந்த ஐந்து வருடத்தில் நான் செலவழித்ததில் முழுசாகப் பலன் தந்தது இதுதான் என்பேன். அடுத்த பயணத்தில் நான் ஓட்ட, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் படித்துக்கொண்டே வந்தார். மோட்டார்வேயில் ஒரே சீராகப் போகும்போது 2 அல்லது 3 ஆம்பியர். A9 சாலையில் ட்ரமோக்டர் கணவாயைத் தாண்டி இறங்கும்போது மட்டும் திடீரென்று 25. சமவெளிக்கு வந்ததும் பழையபடி 3. ஒரு நாள் கேம்ப்சைட்டில் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அன்று கொஞ்ச நேரம் மைனஸ் 4 காட்டியது. அதாவது வீட்டு பேட்டரி இன்ஜின் பேட்டரிக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது! பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் மூடியிருக்கிறது என்பதற்கு மேல் அந்த விளக்குக்கு எதுவும் தெரியாது.

காரணம் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர். ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் சுழற்றிக் கரண்ட் தயாரிக்கும் கருவி. பழைய வண்டிகளில் இன்ஜின் ஓடினால் 14 வோல்ட்டுக்கு மேல் நிலையாகக் கிடைக்கும், வெறும் ரிலே போதும். யூரோ 6 வண்டிகள் பலவற்றில் டீசலை மிச்சம் பிடிக்க, இன்ஜின் பேட்டரி ஓரளவு நிறைந்ததும் கம்ப்யூட்டர் ஆல்டர்னேட்டரைத் தணித்துவிடும், 12.5 வோல்ட் பக்கம் வந்து நிற்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ இறக்கத்தில் போனாலோ 15 வரை ஏறும், அந்த இலவச சக்தியைப் பிடித்துக்கொள்ள. இன்ஜின் பேட்டரிக்கு இது சரி. பின்னால் இருக்கும் வீட்டு பேட்டரி மணிக்கணக்கில் பட்டினி. சில வண்டிகளில் ஹெட்லைட் போட்டால் வோல்ட் இறங்காமல் நிற்குமாம். என் வண்டியில் அந்த வித்தை பலிக்கவில்லை.

2022 வசந்தத்தில் ரிலேயை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைத்தேன். இன்ஜின் பக்கம் எவ்வளவு வோல்ட் வந்தாலும் அதை ஏற்றி, வீட்டு பேட்டரிக்கு வேண்டிய 14.4ஐக் கொடுக்கும். பழைய கேபிள் 6 சதுர மி.மீ. போக வர பத்து மீட்டர், 20 ஆம்பியர் போனாலே 0.6 வோல்ட் வழியில் தொலையும். அதனால் 16 சதுர மி.மீ. இழுத்தேன். இரண்டு முனையிலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். இதில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அப்படியும் முதல் பயணத்தில் 17 ஆம்பியர்தான் வந்தது. தப்பு என்னுடையது. ஓடும்போது 12 வோல்ட்டில் ஓடும் ஃப்ரிட்ஜின் வயரை வீட்டு பேட்டரிப் பக்கமே விட்டுவிட்டேன். அது பாதியைத் தின்றுகொண்டிருந்தது. அதை இன்ஜின் பக்கம் மாற்றியதும் 30 வந்தது.

அப்போது இருந்தவை 100 ஏ.ஹெச். (ஆம்பியர் மணி) ஏஜிஎம் பேட்டரிகள் இரண்டு; ஏஜிஎம் ஒருவகை ஈய-அமில பேட்டரி. பாதியிலிருந்து 80 சதவீதம் வரை இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். அதற்கு மேல் பேட்டரியே வாங்காது. 15, 10, 5 என்று கரண்ட் குறையும், கடைசி இருபது சதவீதத்துக்கு இன்னும் ஐந்தாறு மணி நேரம் ஓட்ட வேண்டும். யார் ஓட்டுவது? 2023இல் 200 ஏ.ஹெச். லித்தியத்துக்கு மாறினோம். இது கிட்டத்தட்ட கடைசிவரை 30ஐ அப்படியே வாங்கிக்கொள்கிறது. எங்கள் தினசரிச் செலவு 50 ஏ.ஹெச்., ஆக நூறு நிமிட ஓட்டம் போதும். லித்தியத்தை வெறும் ரிலேயில் மாட்டுவது மட்டும் வேண்டாம். கிடைத்ததையெல்லாம் இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகும்.

குறைகளும் உண்டு. லித்தியத்தைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. ஒரு ஜனவரி காலையில் ஹீட்டர் போடாமல் கிளம்பினோம். உள்ளே சூடேறும்வரை முக்கால் மணி நேரம் போனில் பூஜ்ஜியம் ஆம்பியர்தான். கோடையில் நேர்மாறு. சீட்டுக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் சார்ஜரை வைத்ததால் அது சூடாகி, 22 ஆம்பியருக்கு இறங்கிக்கொண்டது. பலகையில் ஓட்டை போட்டு ஒரு சின்ன ஃபேன் வைத்ததும் சரியானது.

நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு ஏற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஐடிலில் ஆல்டர்னேட்டர் தருவது குறைவு, சூடோ அதிகம். பொதுச் சாலையில் தேவையில்லாமல் ஓடவிட்டால் இங்கே 20 பவுண்டு அபராதம் வேறு விழலாம்.

50 ஆம்பியர் சார்ஜர் வாங்கலாமா என்று இப்போது வீட்டில் பேச்சு. மனைவிக்கு இண்டக்‌ஷன் அடுப்பு மேல் ஆசை. 1,500 வாட்டில் இருபது நிமிடம் என்றால் இன்வெர்ட்டர் இழப்போடு 43 ஏ.ஹெச். பக்கம் போய்விடும். ஒரு சாம்பாருக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம். கேஸ் சிலிண்டரை இப்போதைக்கு இறக்குவதாக இல்லை.