இருபத்தொரு சொல்லில் சீப்புச் சீடை

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில் பலகாரம் செய்து பொட்டலம் போட்டு விற்கிறோம். சீப்புச் சீடை, மணகோலம், மாவுருண்டை, தேன்குழல் ஆகிய நான்கும், கவுனி எனும் கறுப்பு அரிசியும்தான் சரக்கு. இவற்றுள் புதுமையானது ஒன்றும் இல்லை; காரைக்குடியில் எந்தப் பலகாரக் கடையில் கேட்டாலும் இதே ஐந்தும் கிடைக்கும், அவற்றின் மேல் ‘பாரம்பரியச் சுவை’, ‘பாட்டியின் கைப்பக்குவம்’ என்ற இரண்டு வரிகளும் தவறாமல் இருக்கும். எங்கள் பொட்டலத்திலும் ஆறு வருடமாக அவையே இருந்தன. சென்ற தை மாதம் பொட்டலத்தை மாற்றியபோது, காரைக்குடியில் இருவர் மட்டும் நடத்தும் ஒரு விளம்பர எழுத்துப் பணியகத்திடம் அந்த வரிகளையும் மாற்றித் தரும்படி கொடுத்தேன். அவர்களைப் பற்றிக் குறைகளும் சொல்ல இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் சென்னையில் ஒரு நிறுவனத்திடம் கேட்டிருந்தேன். பொருளைப் பார்க்காமலே, பெயர்ப் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு, இரண்டே நாளில் ஐந்துக்கும் எழுதி அனுப்பிவிட்டார்கள். அதில் மணகோலத்துக்கு எழுதியதை எடுத்து மாவுருண்டையின் மேல் ஒட்டினாலும் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. அந்த எழுத்தைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

காரைக்குடிப் பணியகத்தார் எழுதுவதற்கு முன் அடுப்படியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். இருவரில் இளையவர் காலை ஆறரை மணிக்கே வந்து, உரலடியில் உட்கார்ந்து, மதியம் வரை பார்த்துக்கொண்டிருந்தார். சீப்புச் சீடைக்கு அரிசி மாவையும் வறுத்த உளுந்து மாவையும் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, வரி விழும் தட்டையான அச்சில் பிழிவோம். நாடா போல வரும் மாவைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி, முனைகளை ஒட்டி, வளையமாகக் கழற்றி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருபது வருடமாகச் சீடை சுற்றும் ஆச்சி, ஒவ்வொரு வளையத்தையும் ஒட்டிய இடத்தில் கட்டைவிரலால் இரண்டு முறை அமுக்குவார். ஏன் இரண்டு முறை என்று அந்தத் தம்பி கேட்டதற்கு, “ஒரு தடவ அமுக்குனா எண்ணெயில போட்டதும் வாயப் பொளந்துரும் தம்பி” என்றார் ஆச்சி. அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. சுற்றுகிற நான்கு பெண்களின் விரல் பருமனும் வேறு வேறாக இருப்பதால்தான் ஒரே பொட்டலத்தில் பெரிதும் சிறிதுமாகச் சீடை விழுகிறது என்பதையும் அந்தத் தம்பிதான் கண்டுபிடித்துச் சொன்னார்.

அளவு ஒன்றுபோல் இல்லை என்பதுதான் எங்களுக்கு அடிக்கடி வரும் புகார். அவர்கள் எழுதித் தந்தது இது: “அச்சில் நாடாவாக விழும் மாவைத் துண்டு போட்டு, விரலில் சுற்றி, முனைகளை ஒட்டி எண்ணெயில் விடுகிறோம். விரலுக்கு விரல் பருமன் வேறு. அதனால் சீடைக்குச் சீடை அளவும் வேறு.” மொத்தம் 21 சொற்கள். இதில் சுவை என்ற சொல்லே இல்லை, பாட்டியும் இல்லை. புகாராக இருந்த செய்தியே கையால் செய்ததற்குச் சாட்சியாகிவிட்டது.

இதே வேலையை எங்கள் பக்கத்து வீட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள், அதை நம்முடைய சிறப்பு போலச் சொல்லலாமா என்று எனக்குத் தயக்கம் இருந்தது. பணியகத்தார் இருவரில் மூத்தவர் அதற்கு அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸின் கதையைச் சொன்னார். ஷ்லிட்ஸ் என்ற பியருக்கு எழுதுவதற்காக ஆலைக்குள் சென்ற ஹாப்கின்ஸ், புட்டிகளை நீராவியில் கழுவுவதையும் தண்ணீரை ஆழ்கிணற்றிலிருந்து எடுப்பதையும் பார்த்து, இதை ஏன் வெளியே சொல்வதில்லை என்று கேட்டாராம். எல்லா ஆலைகளிலும் இதுதானே நடக்கிறது என்று பதில் வந்தது. எல்லோரும் செய்தாலும் ஒருவரும் சொல்லவில்லையே என்று அவர் அதையே எழுதினார். பலகாரத்துக்குப் பியரை உவமை சொன்னது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றாலும் வாதம் சரியாகவே பட்டது.

மாவுருண்டைக்கு எழுதியது இன்னும் சுருக்கம்: “நெய் ஆறினால் உருண்டை பிடிபடாது. கை சுடச்சுடப் பிடித்தது.” மணகோலத்துக்கு முதலில் தந்ததில் மணமகள், மல்லிகை, மங்கலம் என்று அடுக்கியிருந்ததால் திருப்பி அனுப்பினேன். இரண்டாவதில், கல்யாண வீட்டுப் பலகாரம் என்பதை ஒரே சொற்றொடரில் முடித்துக்கொண்டு, பாகில் சேரும் தேங்காய்ப் பல்லையும் பொட்டுக்கடலையையும் பற்றி எழுதியிருந்தார்கள். தேன்குழலுக்கு எழுதியது சுமார்தான்.

பெரிய தவறு கவுனி அரிசியில் நடந்தது. ‘சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும்’ என்று எழுதிவிட்டார்கள். உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. உணவுப் பொருளுக்கு எழுதிச் சம்பாதிப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த விதிகள்படி, பொரித்த பலகாரத்தை ‘ஃப்ரெஷ்’ என்று சொல்வதுகூடப் பொருந்தாது. நான் சுட்டிக்காட்டியதும் எதிர்த்துப் பேசாமல் நீக்கிவிட்டு, “முதல் நாள் இரவே ஊற வையுங்கள், ஊறாத கவுனி வேகாது” என்று மாற்றினார்கள். வாங்கிப் போனவர்கள் அரிசி வேகவில்லை என்று தொலைபேசியில் கேட்பது அதன்பின் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

பொட்டலத்தில் இடம் எவ்வளவு என்பதை முதலிலேயே அளந்துகொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும். நிகர எடை, விலை, தயாரித்த தேதி, 14 இலக்க உரிம எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாவற்றையும் போட்டபின் எங்கள் கையகலப் பொட்டலத்தில் மூன்று வரிக்குத்தான் இடம் மிச்சம். சென்னையிலிருந்து வந்த நீண்ட பத்திகள் அங்கே எறும்பு வரிசையாகத்தான் அச்சாகியிருக்கும்.

ஆங்கில எழுத்துக்கு இவர்களிடம் போக வேண்டாம். சிங்கப்பூர், மலேசியா வாடிக்கையாளர்களுக்காகக் கேட்டதில், தமிழில் விரலும் நெய்யுமாக இருந்ததெல்லாம் ‘டிவைன்’, ‘ஆதென்டிக்’ என்று கரைந்துபோயிருந்தது. அதை என் மகளே உட்கார்ந்து திருத்தினாள். பத்து நாளில் தருவதாகச் சொன்னது பத்தொன்பதாம் நாள்தான் வந்தது. பொருளுக்கு 900 ரூபாய் வாங்கினார்கள், இரண்டு திருத்தம் அதில் அடக்கம். நாற்பது, ஐம்பது சரக்கு வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு இந்த நிதானம் கட்டுப்படியாகாது. ஐந்தாறு பொருளை ஒழுங்காகச் செய்பவர்களுக்குத் தாராளமாகச் சொல்லலாம்.

சித்திரையில் வடகம் போடும்போது அதற்கும் எழுதச் சொல்லியிருக்கிறேன். மாடியில் பாய் விரிக்கும் நேரத்துக்கே அந்தத் தம்பியை வரச் சொல்ல வேண்டும், காய்ந்த பிறகு வந்து பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்கிறார் ஆச்சி.