ஒரே தேடல் பெட்டி: கல்லூரி நூலகத்துக்கு எது பொருந்தும்?

ஏரிப் பாசனம் பற்றி ஆய்வு செய்யும் ஒரு மாணவி புத்தகத்துக்கு, கோஹா என்ற நூலக மென்பொருளின் இணையப் பட்டியலான ஓபேக்கைத் திறக்க வேண்டும், ஆய்வேட்டுக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் களஞ்சியமான சோத்கங்காவை, துறையில் சேர்த்துவைத்த ஆவணங்களுக்கு டிஸ்பேஸ் என்ற மின்களஞ்சிய மென்பொருளை, ஆய்விதழுக்கு ஒவ்வொரு பதிப்பகத்தின் தளத்தையும். 2025 ஜனவரியில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் தொடங்கியதிலிருந்து அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. இதழ்கள் கூடின. தேடும் வழிதான் அப்படியே இருக்கிறது. 'எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தேடலாம்' என்று வரும் விற்பனையாளர்களிடம் நூலகர்கள் பேச உட்காருவது அதனால்தான்.

ஃபெடரேட்டட் சர்ச் என்ற பழைய முறையை முதலிலேயே தள்ளிவிடலாம். மெட்டாலிப் போன்ற மென்பொருள்களின் காலத்தில் வந்தது அது. நீங்கள் தட்டும் சொல்லை அந்த நேரத்தில் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் அனுப்பி, பதில் வரும்வரை காத்திருக்கும். எது மெதுவாகப் பதில் சொல்கிறதோ அதன் வேகம்தான் மொத்தத்துக்கும் வேகம். இன்று இதை வாங்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, முன்கூட்டியே கட்டிவைத்த மாபெரும் இண்டெக்ஸில், அதாவது தேடல் அட்டவணையில், தேடும் டிஸ்கவரி சேவைகள். 2009இல் சம்மன் என்ற சேவை வந்தது, மறு ஆண்டே எப்ஸ்கோ நிறுவனத்தின் ஈடிஎஸ். எக்ஸ் லிப்ரிஸின் ப்ரைமோவும் போட்டியில் இருக்கிறது. சம்மனை வைத்திருந்த ப்ரோகுவெஸ்ட் 2015இல் எக்ஸ் லிப்ரிஸை வாங்கியது; 2021இல் கிளாரிவேட் ப்ரோகுவெஸ்டையே வாங்கிவிட்டது. ஆக, மூன்று பெயர் இருந்தாலும் பேரம் பேச எதிரில் இருப்பது இரண்டே நிறுவனங்கள்.

தேடும் திறனை விட, எந்தப் பதிப்பகத்தின் விவரம் யாருடைய இண்டெக்ஸில் இருக்கிறது என்பதில்தான் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். எப்ஸ்கோ தரவுத்தளங்களையும் விற்கிறது, தேடலையும் விற்கிறது. தன் துறைசார் தரவுத்தளங்களின் விவரங்களைப் போட்டி நிறுவனத்தின் இண்டெக்ஸுக்குக் கொடுப்பதில் அது நெடுங்காலம் பிடிவாதமாக இருந்தது; அமெரிக்க நூலகக் கூட்டமைப்புகள் கடிதம் எழுதிக் கேட்கும் அளவுக்குப் போனது. இந்தச் சிக்கலுக்காகவே அமெரிக்காவின் தகவல் துறைத் தர அமைப்பான நைசோ 2014இல் 'ஓப்பன் டிஸ்கவரி இனிஷியேட்டிவ்' பரிந்துரைகளை வெளியிட்டது. எந்த இதழ் இண்டெக்ஸில் இருக்கிறது, முழு உரை தேடப்படுகிறதா அல்லது தலைப்பும் சுருக்கமும் மட்டும்தானா என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். கையெழுத்துப் போடும் முன் இந்தப் பட்டியலை எழுத்தில் வாங்கி, உங்கள் சந்தா இதழ்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'கோடிக்கணக்கான பதிவுகள்' என்ற விளம்பர வாசகம் இந்த வேலைக்கு உதவாது.

என் கணிப்பு இது. நர்சிங் துறைக்கான சினால் போன்ற எப்ஸ்கோ தரவுத்தளங்களை ஏற்கெனவே வாங்கும் மருத்துவ, நர்சிங் கல்லூரிகளுக்கு ஈடிஎஸ். கோஹா ஓபேக்குக்குள்ளேயே அதைப் பொருத்த ப்ளக்இன் இருப்பது கூடுதல் வசதி. ப்ரைமோவின் முழுப் பலன் அல்மா என்ற நூலக மென்பொருளோடு சேரும்போதுதான் தெரியும். கோஹாவை வைத்துக்கொண்டு ப்ரைமோவை மட்டும் வாங்கினால், புத்தகம் அலமாரியில் இருக்கிறதா வெளியே போயிருக்கிறதா என்று காட்டவே தனி வேலை பார்க்க வேண்டியிருக்கும். இரண்டுமே மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து வருடா வருடம் கட்டும் சந்தாதான். கட்டுவதை நிறுத்தினால் கையில் எதுவும் மிஞ்சாது.

அப்புறம் வியூஃபைண்ட். அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழக நூலகத்தில் பிறந்த இலவச மென்பொருள். அடியில் ஓடுவது சோல்ர் தேடுபொறி. கோஹாவில் மார்க் என்ற வடிவத்தில் உள்ள புத்தகப் பதிவுகளையும் டிஸ்பேஸின் ஆய்வேடுகளையும் தானாகத் திரட்டி ஒன்றாகத் தேடத் தரும். உலக இதழ்களின் இண்டெக்ஸ் இதில் கிடையாது, அது பெரிய குறைதான். தமிழ்த் தொகுப்பு உள்ள நூலகத்துக்கு மட்டும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

காரணம், தமிழ்த் தேடல் கெட்டுப்போகும் இடங்களை இதில் நம் கையாலேயே சரிசெய்யலாம். 'ஏரி' என்று தேடினால் 'ஏரிகளின்' என்று தொடங்கும் தலைப்பு வராது. அதற்கு ஸ்னோபால் என்ற இலவச மென்பொருளின் தமிழ் வேர்ச்சொல் பிரிப்பானை சோல்ரில் இணைக்கலாம். 'கொ' என்ற எழுத்தை ஒருவர் க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும், இன்னொருவர் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் பதிந்திருப்பார். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோட் சீராக்கத்தால் இதைத் தீர்க்கலாம். பழைய எழுத்துருக்களில் ஏற்றிய பதிவுகளை மாற்றுவதும், ரோமன் எழுத்தில் மட்டும் பதிந்த தலைப்புகளுக்குத் தமிழ் வடிவம் சேர்ப்பதும் ஆள்பலம் கேட்கும் வேலை. ஆனால் ஒருமுறை செய்தால் அந்தப் பதிவு எந்த மென்பொருளுக்குப் போனாலும் உதவும். வெளிநாட்டு இண்டெக்ஸ் நமக்காக இதைச் செய்யும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

இலவசம் என்பதால் செலவில்லை என்று நினைக்க வேண்டாம். சர்வரும், சோல்ரைப் புரிந்த ஒருவரும் வேண்டும். அவர் வேலையை விட்டுப் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஏற்பாடு வேண்டும். பின்னால் பணம் வந்தால், வியூஃபைண்டின் முகப்பிலேயே ஈடிஎஸ், சம்மன், ப்ரைமோ ஆகியவற்றின் முடிவுகளையும் இழுத்துக் காட்டலாம். அதனால் இரண்டில் ஒன்று என்று இதைப் பார்க்கத் தேவையில்லை.

எதையுமே வாங்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக நூலகம் 2002இல் தானே உருவாக்கிய ஒமேகா தேடுபொறியைப் பிற்பாடு மூடியது. பயனர்கள் கூகுள் ஸ்காலர் போன்ற இடங்களில்தான் தேடுகிறார்கள், தேடியதைக் கையில் கொண்டுசேர்ப்பதே நம் வேலை என்று முடிவெடுத்தது. துணிச்சலான முடிவு. அது சரியாக நடக்க, தேடல் முடிவிலிருந்து நூலகத்தின் முழு உரைக்குக் கொண்டுபோகும் லிங்க் ரிசால்வரும் வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழையும் வசதியும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். நம் கல்லூரிகளில் பல தடுமாறுவது அங்கேதான்.

எனவே சோதனைக் காலத்தில் விற்பனையாளர் தயாரித்துவந்த தேடல்களை ஒதுக்கிவிடுங்கள். உங்கள் மாணவர்கள் ஓபேக்கில் உண்மையில் தட்டிய சொற்களை, எழுத்துப்பிழையோடு அப்படியே கொடுங்கள். பாதியாவது தமிழில் இருக்கட்டும். வரும் முடிவுகளை வளாகத்துக்கு வெளியே, ஒரு மாணவரின் கைபேசியில், பிடிஎஃப் திறக்கும்வரை தொடர்ந்து போய்ப் பாருங்கள். எத்தனை இணைப்பு நடுவழியில் நின்றது என்று குறித்துவைத்துக்கொண்டு, அந்தத் தாளோடு விலை பேச உட்காருங்கள்.