ஹாஸ்டலுக்கு ஸ்டடி லேம்ப் வாங்கப் போறீங்களா, இதைப் படிச்சிட்டு வாங்குங்க (2,796 ரூபா போச்சு)

இன்னிக்கு மத்தியானம்தான் லேம்ப் வித்தவங்க என் நம்பரை பிளாக் பண்ணாங்க, அந்தச் சூட்டோட டைப் பண்றேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க. லைட் வாங்கும்போது என்னென்ன பாக்கணும்னு கடைசியில முழுசா சொல்றேன்.

எங்க ரூம்ல நாலு பேருக்கு ஒரே ட்யூப் லைட், அதுவும் கதவுக்கு மேல. சுவத்தைப் பாத்து உக்காந்தா நம்ம தலை நிழல் நம்ம நோட்டு மேலயே விழும். 11 மணிக்கு வார்டன் அதையும் அணைச்சிடுவார். செமஸ்டர் வேற கிட்ட வந்துருச்சு, அதனால ரீல்ஸ் போட்டு விக்கிற ஒரு பேஜ்ல சார்ஜ் லேம்ப் பாத்து நாலு பேருக்கும் சேத்து நானே ஆர்டர் போட்டேன். ஒண்ணு 699. 12 வாட்ஸ், 4000 எம்ஏஎச் பேட்டரி, 8 மணி நேரம் எரியும், மூணு கலர்னு போட்டிருந்தான்.

நான் விழுந்தது அந்த பேஜ்காரர் அனுப்பின வாய்ஸ் நோட்டுல. "தம்பி, நானும் ஹாஸ்டல்ல கிடந்தவன்தான்பா, ஸ்டூடன்ட்ஸ்கிட்ட லாபமே பாக்கறதில்ல, கேஷ் ஆன் டெலிவரி மட்டும் கேக்காத"ன்னு பேசுறார், பின்னாடி குழந்தை அழுவுது, "இருடா தங்கம், அப்பா வரேன்"னு அதையும் சமாதானப்படுத்துறார். குழந்தை வச்சிருக்கிறவர் ஏமாத்துவாரான்னு 2,796ஐயும் அப்பவே அனுப்பிட்டேன்.

வந்தது ஒரே கலர், கண்ணு கூசுற நீல வெள்ளை. 40 நிமிஷத்துல மங்கிடுச்சு. ஒண்ணைக் கழட்டிப் பாத்தா உள்ள ஒத்தை செல், 1200ன்னு எழுதியிருக்கு. சரி அவன் சொன்ன 4000ஏ உண்மைன்னாலும் செல்லோட 3.7 வோல்ட்டால பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 14.8 வாட் அவர், 12 வாட்ஸ் லைட்டு ஒண்ணேகால் மணி நேரம்கூட தாங்காது, அப்புறம் எங்கேருந்து 8 மணி நேரம்? இந்தக் கணக்கை நான் போடல. படிக்கிறது ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்), வெக்கக்கேடு.

கேட்டா முதல்ல "8 மணி நேரம் சார்ஜ் போடுங்க"ன்னாங்க. போட்டோம். அப்புறம் "அன்பாக்சிங் வீடியோ இருக்கா?" இருந்துச்சு, அனுப்பினேன். அப்புறம் "கூரியர் செலவு உங்களது", அதுக்கும் சரின்னேன். "ஓனர் ஊர்ல இல்ல." நாலு நாள் இதே. இன்னிக்கு 2,796ஐ திருப்பித் தாங்கன்னு கேட்டதும் பிளாக். என்னைத் தம்பின்னு கூப்பிட்ட அதே நம்பர்.

1915ல, அதான் நுகர்வோர் ஹெல்ப்லைன்ல, புகார் போட்டாச்சு. பசங்களுக்கு ஆளுக்கு 699 நான்தான் தரணும், மெஸ் பில்லும் கட்டல.

பாக்க வேண்டியதுன்னா... பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, ஆர்-ல ஆரம்பிக்கிற நம்பர் இல்லாததைத் தொடாதீங்க. எம்ஏஎச் கணக்கைப் போட்டுப் பாருங்க. முடிஞ்சா கடையில எரிய விட்டுப் பாத்து வாங்குங்க. மீதி எழுத இப்ப பொறுமை இல்ல.

அந்த ரீல் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, கீழ பசங்க "ப்ரைஸ் ப்ளீஸ்"னு கேட்டுட்டே இருக்காங்க.