ரிக் வேலைக்கு பாஸியட் பயிற்சி: கட்டும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

கடல் நடுவே இருக்கிற ஆயில் ரிக்கில் வெல்டராகப் போனாலும் சமையல்கட்டு ஸ்டீவர்டாகப் போனாலும், ஹெலிகாப்டர் ஏறும் முன் பெரும்பாலான கம்பெனிகள் கேட்பது பாஸியட் (BOSIET) என்கிற கடல் பாதுகாப்பு, அவசரகாலப் பயிற்சிச் சான்றிதழ். எண்ணெய்த் துறைப் பயிற்சித் தரங்களை வகுக்கும் ஓபிட்டோ (OPITO) அமைப்பின் பாடத்திட்டம், மூன்று நாள் பயிற்சி, நான்கு வருடம் செல்லும். கப்பல் வேலைக்கான எஸ்.டி.சி.டபிள்யூ. (STCW) சான்றிதழ் வேறு. அதை வைத்துக்கொண்டு இது வேண்டாம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

கட்டின பணத்துக்கு ஈடு கொடுப்பது பயிற்சி நீச்சல் குளத்தில் கழியும் நேரம்தான். ஹெலிகாப்டருக்கு எஞ்சினும் விசிறியும் தலைக்கு மேலே. அந்த எடையால் கடலில் இறங்கினால் எளிதில் கவிழ்ந்துவிடும். அதனால் ஹெலிகாப்டர் மாதிரிக் கூண்டு ஒன்றுக்குள் உட்காரவைத்து, தண்ணீரில் இறக்கி, 180 டிகிரி புரட்டுகிறார்கள். ஒரு கை ஜன்னல் சட்டத்தில், மறு கை பெல்ட் கொக்கியில். கூண்டு சுழன்று நிற்கும்வரை அசையக் கூடாது. நின்றதும் ஜன்னலைத் தள்ளிவிட்டு, சட்டத்தைப் பிடித்த கையை விடாமல் கடைசியாகத்தான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.

தப்பு நடப்பது இந்த வரிசையில்தான். மூக்கில் தண்ணீர் ஏறியதும் பதறி முதலில் பெல்ட்டைக் கழற்றினால் உடம்பு மிதந்து, மேலும் கீழும் தெரியாமல் போய்விடும். ஜன்னலைத் தள்ளவும் பிடிமானம் இருக்காது. கார் பெல்ட் பழக்கத்தில் கை இடுப்போரம் பட்டனைத் தேடும். இங்கேயோ கொக்கி வயிற்றின் நடுவில், திருகித் திறக்கிற வட்டு. கூண்டு இறங்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை திருகிப் பழகுங்கள். லைஃப் ஜாக்கெட்டை உள்ளே ஊதவே கூடாது. ஊதினால் அது உங்களைத் தூக்கி மேலே ஒட்டவைத்துவிடும். அழுத்தக் காற்று சிலிண்டர் கொடுத்தால், மேலே வரும்போது மூச்சை அடக்காதீர்கள். ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து வந்தால்கூட நுரையீரல் கிழியலாம்.

புகை அறையில் தவழ்ந்து வெளியேறும் பயிற்சியும் அருமை. சுவரைப் புறங்கையால் தடவிப் போகச் சொல்வார்கள். முதலுதவி மட்டும் ஏமாற்றம். இருக்கிற நேரத்தில் கை பழகாது, தனியாகக் கற்றுக்கொள்வதே நல்லது.

வெப்பக் கடல்களுக்கு என்று டி-பாஸியட் இருக்கிறது. அதில் குளிர்நீர் உடை கிடையாது. வளைகுடாவுக்குப் பெரும்பாலும் போதும், வட கடலுக்குச் செல்லாது. எந்த வகை வேண்டும் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இன்னொன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சான்றிதழ் வேலை தராது. ரிக்கில் கீழ்ப்படி ரவுஸ்டபவுட்: கிரேனுக்குச் சுமை மாட்டுவது, டெக் கழுவுவது, துரு சுரண்டிப் பெயின்ட் அடிப்பது. பிறகு துளையிடும் குழுவில் படிப்படியாக ஃபுளோர்மேன், டெரிக்மேன், அசிஸ்டென்ட் டிரில்லர், டிரில்லர். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பல இடங்களில் 28 நாள் வேலை, 28 நாள் வீடு. ஐ.டி.ஐ. முடித்த வெல்டர், எலக்ட்ரீஷியனுக்குக் கையில் இருக்கும் அனுபவமே பெரிய சாவி. "பாஸியட் முடி, வேலை நிச்சயம்" என்று சொல்லும் ஏஜென்ட் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிறவர் என்றால், அவர் பதிவை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் தேடிவிட்டு மேற்கொண்டு பேசுங்கள். வேலை கைக்கெட்டும் முன்பே பயிற்சியை முடித்துவைத்தால் நான்கு வருடக் கணக்கு வீட்டிலேயே ஓடும். காலாவதிக்கு முன் ஃபோயட் (FOET) என்கிற ஒரு நாள் மறுபயிற்சி செய்தால் புதுப்பித்துவிடலாம். தேதி தாண்டிவிட்டால் மறுபடி முழுசாக மூன்று நாள், முழுப் பணம்.