ஃபோர்ஸ்கோர்: பாதிப் பக்கம் திரும்பினால் போதும்

பியானோவில் இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது பக்கத்தை யார் புரட்டுவது? முன்பு வைத்திருந்த வேறொரு ஆப், சர்ச்சில் பாட்டு நடுவே இரண்டு பக்கம் தாவி மானத்தை வாங்கியது. ஐபேடில் ஃபோர்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு ஆப் போட்ட பிறகு அந்தப் பயம் இல்லை. கீழ்ப்பாதியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேல்பாதியில் அடுத்த பக்கம் வந்து நிற்கிறது பாருங்கள், அதற்கே காசு கொடுக்கலாம். காலால் மிதித்துப் பக்கம் திருப்பும் புளூடூத் பெடலும் சேரும். வாயை அசைத்தும் பக்கம் திருப்பலாம், அதற்குத் தனிச் சந்தா (பாடிக்கொண்டே வாசிப்பவர் என்ன செய்வாரோ!). அப்புறம், திரும்ப வாசிக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டால், தொட்டதும் பழைய பக்கத்துக்கே போய்விடும். ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய இசைக்குறிப்பு நூலகத்தில் இறக்கிய பழைய ஸ்கேன்களின் வெள்ளை ஓரத்தை வெட்டினால் 12.9 அங்குலத் திரையில் சுரங்கள் பளிச்சென்று தெரிகின்றன. ஆண்ட்ராய்டுக்காரர்களுக்குத்தான் கிடையாது.