கோதையாறா, ஓதமா, ஆடிக் கடலா?

பேச்சிப்பாறையில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குக் குளச்சல் கடற்கரைக்குப் போய்விடலாம். மலை ஆறும், கடல் ஏறி வற்றும் ஓதமும், அலையும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, இந்த மூன்றில் எது நமக்கு மின்சாரம் தரும் என்ற கேள்வி குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு வந்தே தீரும்.

ஓதத்தை முதலிலேயே கழித்துவிடுகிறேன். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் நல்ல உயர வித்தியாசம் இருக்கும் இடத்தில்தான் அது எடுபடும். குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் அந்த வித்தியாசம் 11 மீட்டர் வரை போகிறது. பிரான்சில் ரான்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் 240 மெகாவாட் நிலையம் 1966 முதல் ஓடுகிறது என்றால், அங்கும் ஓதம் அப்படிப்பட்டது. நம் கரையிலோ ஒரு மீட்டர் அளவுதான். உயரம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால், அதே பரப்பு நீரிலிருந்து கிடைக்கும் ஆற்றல் நூறில் ஒன்றாகிவிடும். இதற்காக மணக்குடிக் காயலையோ ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தையோ சுவர் வைத்து அடைத்தால் மீன்குஞ்சு வளரும் இடம்தான் போகும்.

ஆறு வேறு மாதிரி. கோதையாற்றில் மேலும் கீழுமாக இரண்டு மின்நிலையங்கள், 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டும், அரை நூற்றாண்டாக ஓடுகின்றன. இதில் எனக்குப் பிடித்த விஷயம், தண்ணீர் வீணாவதில்லை என்பது. மேல் நிலையத்தில் டர்பைனைச் சுழற்றிய நீர் கீழ் நிலையத்திலும் சுழற்றிவிட்டு, 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணைக்கு வருகிறது. அங்கிருந்து கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லுக்கும் வயலுக்குப் போகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் என்பதால் ஆற்றுக்கு வருடத்தில் இரண்டு வாய்ப்பு.

ஆனால் இன்னொரு பெரிய அணை வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மிச்சம் இருப்பது காடு. அதில் கை வைத்தால் ஆறே இளைத்துவிடும். வேண்டுமானால் கால்வாய்களைப் பார்க்கலாம். விநாடிக்கு 1,000 லிட்டர் தண்ணீர் 3 மீட்டர் இறங்கும் இடத்தில் ஏறக்குறைய 25 கிலோவாட் எடுக்க முடியும். சின்ன அளவுதான். ஆனாலும் தண்ணீர் திறந்துவிட்டிருக்கும் மாதங்களில் ஒரு சிற்றூரின் தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் அது பெரிய உதவி.

அப்புறம் அலை. ஆனி, ஆடியில் முட்டத்துப் பாறையில் கடல் மோதுவதைப் பார்த்த யாருக்கும் இதிலிருந்து கரண்டு எடுக்கக்கூடாதா என்று தோன்றும். எடுத்தும் பார்த்திருக்கிறார்கள், நம் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் விழிஞ்ஞத்தில். சென்னை ஐஐடியின் முயற்சியில் அங்கே அமைத்த 150 கிலோவாட் நிலையம் 1991-இல் ஓடத் தொடங்கியது. அடிப்பக்கம் திறந்த ஒரு பெரிய கான்கிரீட் அறை. அலை ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று மேலே தள்ளப்படும், இறங்கும்போது திரும்ப உறிஞ்சப்படும். காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுற்றுகிற டர்பைன் அதில் வைத்திருந்தார்கள். அந்த நிலையம் இப்போது செயல்பாட்டில் இல்லை.

அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தில் கூடும். அரை மீட்டர் அலையை விட இரண்டு மீட்டர் அலையில் பதினாறு மடங்கு. ஆடிக்கு ஏற்ற டர்பைன் வைத்தால் மாசியில் சும்மா கிடக்கும். மாசிக்கு ஏற்றது வைத்தால் ஆடி அலையைத் தாங்காது. விழிஞ்ஞத்தில் வந்த சிக்கல் முட்டத்திலும் வரும். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கடல் கொந்தளிக்கும் அதே மாதங்களில்தான் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசி முப்பந்தல் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றுகின்றன. அணையிலும் நீர் ஏறுகிறது. நமக்கு மின்சாரத் தட்டுப்பாடு வரும் மாசி, பங்குனியில் அலையும் அடங்கிக் கிடக்கும். இந்த மூன்றில் அந்த நேரத்துக்குக் கை கொடுக்கக்கூடியது அணையில் சேர்த்து வைத்த நீர் மட்டும்தான்.

அப்படியானால் அலையை விட்டுவிடலாமா? எனக்கு மனசு வரவில்லை. ஸ்பெயினில் முத்ரிக்கு என்று ஒரு மீன்பிடி ஊர். அங்கே துறைமுகத்துக்கு எப்படியும் ஓர் அலைத்தடுப்புச் சுவர் கட்ட வேண்டியிருந்தது. அந்தச் சுவருக்குள்ளேயே காற்றறைகளை வைத்து 16 சிறு டர்பைன்கள், மொத்தம் 296 கிலோவாட், 2011-இல் தொடங்கினார்கள். கட்டும்போதே புயல் அலை சேதப்படுத்தியது, சரிசெய்து தொடர்ந்தார்கள். கோதையாற்றின் 100 மெகாவாட்டுக்கு முன்னால் இது மிகச் சிறியது. ஆனால் பெருஞ்செலவு பிடிக்கும் சுவர் எப்படியும் வரப்போகிறது என்பதுதான் இதில் முக்கியம். நம் கரையில் கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிப் போடும் தூண்டில் வளைவுகளும் துறைமுகச் சுவர்களும் ஓயாமல் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். நடுக்கடலில் மிதவை போடும் வழியும் உண்டு. தூத்துக்குடிக்கு அப்பால் 6 கிலோமீட்டரில், 20 மீட்டர் ஆழத்தில், 2022 நவம்பரில் ஐஐடி சோதித்த சிந்துஜா-1 மிதவை 100 வாட் தந்தது. வளர வேண்டிய தொழில்நுட்பம், வளரட்டும். ஆனால் வலை போடும் இடத்தில் மிதவையும் நங்கூரக் கயிறும் நின்றால் நீவாட்டில், அதாவது கடல் நீரோட்டத்தில், போகும் வலை அதில் சிக்கும். அதனால் என் ஓட்டு சுவருக்குத்தான்.

முட்டத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் சொன்னார். "சுவரு போடுததா இருந்தா அதுல கரண்டும் எடுக்கட்டும் மக்கா. ஆனா எங்க வச்சா மணல் அடையும், எங்க வச்சா அடையாதுன்னு முதல்ல எங்கள்ட்ட கேக்கணும். வாய் அடைஞ்சா வள்ளம் கவுந்துரும்."